வட்டி நாளில் பீன்ஸ் சூப்

மத்திய வங்கி வட்டி விகிதத்தை அறிவிக்கும் செவ்வாய்க்கிழமைகளில், ஹல்மோஷ் போர்பாலா தன் கைபேசியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, டிப்போ உணவகத்துக்கு இறங்கி வந்து பீன்ஸ் சூப் சாப்பிடுவார். நாட்டில் பத்திர வியாபாரம் செய்கிற அத்தனை பேரும் திரைக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் அது. இவரோ கரண்டியால் கிண்ணத்தின் அடியைத் துழாவி, புகையில் வாட்டிய இறைச்சித் துண்டு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பார்.

"போரி அக்கா, மறுபடியும் ஏத்திட்டாங்களாம்!" என்று பக்கத்து மேசையிலிருந்து யாராவது கத்தினாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

"ஏத்தட்டும். மொத அரை மணி நேரம் எல்லாரும் கண்ணு மண்ணு தெரியாம ஓடுவாங்க. ஓடி முடிக்கட்டும், அப்புறமா மேல போறேன்."

மேலே என்பது டிராம் டிப்போவின் மாடி அறை. எங்கள் மிஷ்கோல்ட்ஸ் நகர டிராம் தொழிலாளர்களின் ஓய்வுநிதி அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. கீழே பட்டறையில் சக்கரம் கடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பிரேக் தூசியின் நெடி திரைச்சீலை வரைக்கும் ஏறியிருக்கும். ஓட்டுநர்கள், பழுது பார்ப்பவர்கள், பரிசோதகர்கள் எல்லோரும் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக் கொடுக்கும் பணத்தை அந்த அறையிலிருந்துதான் போர்பாலா முதலீடு செய்கிறார். முக்கால்வாசி அரசாங்கக் கடன் பத்திரங்களில் இருக்கும். நான் முதல் எண் வண்டியை ஓட்டுகிறவன். என்னையும் தேர்ந்தெடுத்து நிதியின் நிர்வாகக் குழுவில் உட்கார வைத்துவிட்டதால் அவரைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

வயது ஐம்பத்தாறு. நெடுநெடுவென்ற உயரம். நரைத்த தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி கத்தரித்திருப்பார். எப்போதும் இரண்டு கண்ணாடிகள்: ஒன்று மூக்கின் மேல், இன்னொன்று தலையின் மேல். எது எதற்கு என்பதில் அவருக்கே அடிக்கடி குழப்பம் வரும். இளமையில் புடாபெஸ்டில் ஒரு வங்கியின் பத்திரப் பிரிவில் வேலை பார்த்தவர். அப்பா எங்கள் டிப்போவில் மின்கம்பி ஆள். அவர் படுத்த படுக்கையானபோது பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "அங்க யாரோட பணம்னே தெரியாது. இங்க தினமும் மூஞ்சியப் பாத்தாகணும். தூக்கம் கம்மி, ஆனா வேலை சுத்தமா நடக்குது" என்பார்.

காலையில் என் வண்டியில்தான் வருவார். எத்தனை இருக்கை காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, சந்தையிலிருந்து ஏறுகிற பெண்களின் பைகளை எட்டி எட்டிப் பார்ப்பார். "அம்மா, அந்தப் புளிப்புப் பாலேடு என்ன வெல?" "பன்றிக் கொழுப்பு ரெண்டு டப்பா வாங்குவீங்களே, இன்னிக்கு ஏன் ஒண்ணு?" புதிதாக வருகிறவர்கள் அவரை மாறுவேடத்தில் வந்த பரிசோதகர் என்று நினைத்து டிக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள். ஒரு கிழவி, "உனக்கென்ன, உன் வீட்டு அடுப்பா எரியுது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போர்பாலாவுக்கு அதெல்லாம் உறைக்காது. அரசாங்கம் வெளியிடும் விலைவாசிக் கணக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வரும். பைகள் தினமும் வருகின்றன என்பது அவர் கட்சி.

சனிக்கிழமைகளில் ஊர்க் கால்பந்து அணியின் ஆட்டத்துக்குப் போவார். அலுவலகத்தில் குரலை உயர்த்தாத அந்த மனுஷி நடுவரைப் பார்த்துச் சொல்லும் வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

பேச்சில் அவருக்கு ஒரே ஒரு ஆயுதம்தான். "சரி, அப்புறம்?" யார் எந்தச் செய்தியைக் கொண்டுவந்தாலும் அதையே கேட்பார். போன பொதுத் தேர்தலுக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் உணவகமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு வருமான வரியைத் திருப்பித் தருவதாகவும், ஓய்வூதியக்காரர்களுக்குப் பிப்ரவரியில் கூடுதலாக ஒரு மாதத் தொகை என்றும் அரசாங்கம் அறிவித்திருந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள். மனதுக்குள் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி, குளியலறையில் எந்த மூலையில் வைப்பது என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டேன். அதைச் சொன்னேன்.

"சரி, அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்ன, துணி துவைக்கும்."

"நீ வாங்குவ. இந்தா இவன் வாங்குவான். தெருவுல பாதிப்பேர் ஒரே மாசத்துல கடைக்குப் போவாங்க. கடையில இருக்கற சரக்கு மட்டும் அதேதான். அப்புறம்?"

"வெல ஏறும்."

"ஏறும். வெல ஏறுறத மத்திய வங்கி வேடிக்க பாக்குமா? வட்டிய ஏத்தும். இப்பவே மெதுவா ஏத்த ஆரம்பிச்சிருச்சு. இதுக்கு மேல அரசாங்கம் பணத்த அள்ளி விட்டா, அவங்க இன்னும் வேகமா ஏத்தணும். ஒருத்தர் அடுப்புல வெறகு வைக்கிறாரு, இன்னொருத்தர் தண்ணி ஊத்துறாரு. அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரியலக்கா."

அவர் மேசையிலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அதில் முந்தின நாள் சுட்ட பொகாச்சா ரொட்டிகள் நாலைந்து காய்ந்து கிடந்தன.

"நம்ம கையில இருக்கறது இந்த மாதிரி பழைய பத்திரம். வருஷத்துக்கு மூணு சதவீதம் குடுக்கும், இன்னும் பத்து வருஷத்துக்கு. நாளைக்கு அடுப்புலேருந்து சூடா புதுசு வருது, எட்டோ ஒம்பதோ குடுக்குதுன்னு வெச்சுக்க. இதையும் அதே வெலைக்கு எவன் வாங்குவான்? நீ வாங்குவியா?"

"பாதி வெலைக்குன்னா வாங்குவேன்."

"அவ்வளவுதான். அதைத்தான் எல்லாரும் பத்திரச் சந்தைன்னு பெரிசா பேசிக்கறாங்க."

மறுவாரம் அவர் குழுவைக் கூட்டினார். நீண்ட காலப் பத்திரங்கள் முழுவதையும் விற்றுவிட்டு, சில மாதங்களில் முதிர்கிற குறுகிய காலப் பத்திரங்களுக்கு மாற வேண்டும் என்றார். பத்திர விலை அதற்குள்ளேயே லேசாகச் சரிந்திருந்தது. விற்றால் கொஞ்சம் நஷ்டம்.

குழுவின் தலைவர் அப்போது வெரெஷ் கால்மான். பட்டறையின் மூத்த ஆள், முன்னாள் தொழிற்சங்கக்காரர், மேசையில் குத்தாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது.

"போரி, உனக்குக் கிறுக்கா? அரசாங்கப் பத்திரத்தையே நம்பலேன்னா வேற எதை நம்புறது? நஷ்டத்துல வித்துட்டு வந்து நிக்கிறேன்னு அந்தப் பசங்ககிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"அரசாங்கம் ஏமாத்தும்னு நான் சொல்லவே இல்ல அண்ணே. பத்து வருஷம் கழிச்சு முழுசாத் தரும். நடுவுல நம்மாளுங்களுக்குப் பணம் வேணும்னா? அப்ப சந்தை என்ன வெல சொல்லுதோ அதுக்குத்தான் விக்கணும்."

"நடுவுல ஏன் கேக்கப்போறாங்க?"

"வெல ஏறினா கேப்பாங்க."

மூன்று மணி நேரம் நடந்தது அந்தக் கூட்டம். போர்பாலா எதற்கும் அசரவில்லை. கால்மான் குத்திய குத்தில் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. கடைசியில், "பாதி. பாதிய வித்துக்க. அதுக்கு மேல ஒரு ஃபோரிண்ட்டுக்குக் கூட நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் அவர். எல்லோரும் அதற்கே கை தூக்கினோம். பிற்பாடு நடந்ததை வைத்து கால்மானைப் பிடிவாதக்காரர் என்று மட்டும் சொல்கிறவர்கள், அந்தப் பாதியைக் கொடுத்தவரும் அவர்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பிப்ரவரியில் பணம் வந்தது. நான் இயந்திரம் வாங்கினேன். அதே மாதம் பக்கத்து நாட்டில் போர் மூண்டது. எரிவாயு, கோதுமை, எண்ணெய் எல்லாம் ஒன்றாக ஏறின. ஃபோரிண்டின் மதிப்பு சரிந்தது. மத்திய வங்கி மாதா மாதம் வட்டியை உயர்த்தியது. சில மாதங்களில் இரண்டு தடவை. எங்களிடம் மீதமிருந்த பாதிப் பத்திரங்களின் விலை, படிக்கட்டில் உருட்டிவிட்ட பீப்பாய் மாதிரி இறங்கிக்கொண்டே போனது. விற்று எடுத்த பாதிப் பணம் பாதுகாப்பாக இருந்தது. டிப்போவில் போர்பாலாவுக்கு மரியாதை கூடிற்று. உணவகத்து மரீஷா அவர் கிண்ணத்தில் இறைச்சித் துண்டைத் தேட வேண்டிய அவசியமே இல்லாதபடி இரண்டு மூன்றாகப் போட ஆரம்பித்தாள்.

ஜூலையில் அவர் தவறு செய்தார்.

வட்டி உச்சத்தைத் தொட்டுவிட்டது, இனி இறங்கும் என்று கணித்து, குறுகிய காலப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து நீண்ட காலப் பத்திரங்களை வாங்கினார். குழுவும் சரி என்றுதான் சொன்னது. ஆனால் வங்கி நிற்கவில்லை. ஆகஸ்டில் ஏற்றியது, செப்டம்பரில் மறுபடி ஏற்றியது. வாங்கியவை வாங்கிய வேகத்தில் விழுந்தன. கூட்டத்தில் யாரும் கேட்பதற்கு முன்பே அவர் எழுந்து நின்றார்.

"தப்பு என்னோடது. தேர்தல் முடிஞ்சதும் அரசாங்கம் கையச் சுருக்கும்னு நெனச்சேன். சுருக்குச்சு, ஆனா நான் நெனச்ச அளவுக்கு இல்ல. நான் அவசரப்பட்டுட்டேன்."

"அவசரப்பட்டேன்னு சொன்னா ஆச்சா?" என்றார் கால்மான். "எங்க பசங்க கோடையில வேர்த்து வழிய வண்டி ஓட்டிச் சேத்த காசு."

"ஆகாது அண்ணே. அதனாலதான் நின்னுக்கிட்டுச் சொல்றேன்."

கண்டனத் தீர்மானம் ஒன்றைக் கால்மான் கொண்டுவந்தார். நானும் ஆதரித்துக் கை தூக்கினேன். போர்பாலா தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு மாற்றி, அதை ஒரு வரி விடாமல் படித்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை வழக்கம்போல் என் வண்டியில் ஏறி, "கோழி முட்டை என்ன வெல?" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தை மிஷ்கோல்ட்ஸில் யாரும் மறக்க மாட்டார்கள். ரொட்டி விலை போன வருடத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அளவுக்கு மேல் எரிவாயு செலவழிக்கிறவர்களுக்குச் சந்தை விலை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பழைய வீடுகளில் இருக்கிறவர்கள் ஒரே ஒரு அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு குடும்பத்தோடு அதில் முடங்கினார்கள். பணத்தைத் திருப்பி எடுக்க வந்தவர்களின் வரிசை எங்கள் அலுவலகப் படிக்கட்டில் நின்றது. பத்து வருடம் கடந்த உறுப்பினர் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. நீண்ட காலப் பத்திரங்களை அந்த அடிமட்ட விலைக்கு விற்றுத்தான் அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டும் என்றிருந்தால், கடைசியில் நிற்பவனுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. மிஞ்சியதற்குக் காரணம் அந்தப் பாதி. முதிர்ந்த குறுகிய காலப் பத்திரங்களிலிருந்து வரும் பணத்தை எடுத்து, வந்தவர் ஒருவரையும் திருப்பி அனுப்பாமல் கொடுத்துக்கொண்டிருந்தார் போர்பாலா.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. அட்டவணையில் இல்லாத ஒரு நாள். ஃபோரிண்ட் தரை தெரியாமல் விழுந்துகொண்டிருந்ததால், காலையில் மத்திய வங்கி அவசரமாகக் கூடி, வங்கிகள் தன்னிடம் ஒரு நாளைக்கு வைக்கும் பணத்துக்கே பதினெட்டு சதவீதம் என்று அறிவித்தது. அன்று நான் முறை முடித்து மாடிக்குப் போனபோது படிக்கட்டு வரிசையில் கால்மான் நின்றிருந்தார். குழுத் தலைவர், உறுப்பினர்களோடு உறுப்பினராக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

போர்பாலா கதவைத் திறந்து வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் சற்று நின்றுவிட்டார்.

"அண்ணே, நீங்களா?"

"முழுசாக் காலி பண்ணிடு போரி. தலைவர் பதவிக்கும் ராஜினாமா எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

"உள்ள வாங்க, பேசலாம்."

"இங்கயே பேசு. எல்லாரும் கேக்கட்டும்."

"இன்னிக்கு எடுத்தா நஷ்டம். இப்ப கெடைக்கிறது இதுவரைக்கும் இல்லாத அடிமட்ட வெல. ஆறு மாசம் பொறுத்துக்க முடியாதா?"

"ஆகோஷுக்கு வேல போயிருச்சு." ஆகோஷ் அவருடைய மகன். டிப்போவுக்கு எதிரே அரசாங்கப் பணத்தில் கட்டிக்கொண்டிருந்த நீச்சல் அரங்கில் கம்பி கட்டுகிற வேலை. "திங்கட்கிழமை போனா வாசல்ல சங்கிலி. அரசாங்கம் காச நிறுத்திருச்சாம், எல்லாக் கட்டட வேலையும் தள்ளிவெச்சிருக்காங்களாம். சின்னக் கொழந்த இருக்கு அந்த வீட்டுல. கேஸ் பில் ஆறு மாசம் பொறுக்குமா?"

போர்பாலா அவர் நின்ற படிக்கு இறங்கி வந்தார். பிறகு, "தேவைப்படுறத மட்டும் எடுங்க அண்ணே. மிச்சத்த விட்டு வைங்க" என்றார் மெதுவாக.

"கொஞ்சம் கொஞ்சமா வாங்கிட்டுப் போக நான் பிச்சை கேட்டா வந்திருக்கேன்? ஜூலையில நீ பண்ணின கூத்துக்கு அப்புறம் விட்டு வைக்கணுமாம். எண்ணிக் குடு."

எண்ணிக் கொடுத்தார். கால்மான் படியிறங்கிப் போகும்போது எவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. பட்டறையின் இரும்பு ஏணியில் இத்தனை வருடம் ஏறி இறங்கிய மனிதர், அன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

சிறிது நேரத்தில் போர்பாலா மேலங்கியை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "பாலிந்த், என்கூட வா."

சாலையைக் கடந்து நீச்சல் அரங்குக்குப் போனோம். கால்மான் சொன்ன சங்கிலி வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கான்கிரீட் தூண்கள். அவற்றின் உச்சியில் முடிக்காத கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. பளுதூக்கும் கிரேன் அசையாமல் நின்றது. தோண்டிய குளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி, அதில் ஒரு சிமெண்டுப் பை மிதந்தது.

"என்ன தெரியுது?" என்றார்.

"ஆகோஷோட வேல போனது தெரியுது."

"ஆமா. அதுதான் மொதல்ல தெரியணும்." கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டார். "ஜூலையில நான் தப்புப் பண்ணினப்ப இந்தப் பளுதூக்கி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் கண்டுக்கல. அப்ப வங்கி மட்டும்தான் தண்ணி ஊத்துச்சு, அரசாங்கம் இன்னும் வெறகு வெச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப ரெண்டு பேரும் சேந்து அணைக்கிறாங்க. அரசாங்கம் செலவ நிறுத்துது, வங்கி பதினெட்டுக்கு ஏத்துது. சனங்க கையில வாங்கக் காசு இல்ல. வெலவாசி எவ்வளவு நாளைக்கு இப்படியே நிக்கும்? இறங்கும். இறங்கினா வட்டி இறங்கும். வட்டி இறங்கினா இன்னிக்கு யாருமே தொடாத இந்த நீண்ட காலப் பத்திரம் ஏறும்."

"மறுபடியும் வாங்கணும்ங்கறீங்களா?"

"வாங்கணும். போறவங்களுக்குக் குடுக்க வேண்டியத ஒதுக்கி வெச்சுட்டு, மிச்சம் எல்லாத்துக்கும்."

முந்தின இரவுதான் என் மனைவி எமெஷே, "அந்தப் பொம்பள பேச்சுல மயங்கிடாத. உன் பேருல மட்டும் இல்ல, என் பத்து வருஷமும் அதுலதான் கெடக்கு" என்று சொல்லியிருந்தாள். அவள் டிக்கெட் பரிசோதகர், எங்கள் நிதியில் அவளும் உறுப்பினர்.

"வட்டி இறங்கலேன்னா அக்கா?"

"இறங்கலேன்னா என்னத் தூக்கிடுவீங்க. ஆனா காசு திரும்பி வராது. அதனால என் வார்த்தைய நம்பிக் கை தூக்காத. உன் கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணு. அதுக்குத்தான் கூட்டிக்கிட்டு வந்தேன்."

நான் தேங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மனதில் பட்டதைக் கேட்டுவிட்டேன். "அப்ப கால்மான் அண்ணன் பையனுக்கு வேல போனது நமக்கு நல்லதுங்கறீங்களா?"

அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, மேலங்கியின் ஓரத்தால் துடைத்தார்.

"நம்ம ஊருக்குக் கெட்டது. நம்ம பத்திரத்துக்கு நல்லது. ரெண்டும் ஒரே விஷயம்தான் பாலிந்த். நான் உண்டாக்கினது இல்ல. ஆனா பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருந்தா, நிதியில இருக்கற முன்னூறு பேருக்கும் சேத்துக் கெட்டுப்போகும்."

குழுவில் கால்மான் இடம் காலி. மீதி நான்கு பேர். மூவரின் ஒப்புதல் வேண்டும். இரண்டு கைகள் உயர்ந்தன. மூன்றாமவர், "ஒரு தடவ சுட்டுக்கிட்டவ மறுபடி அடுப்புல கை வைக்கிறேங்கறா, நாம எல்லாரும் கையக் குடுக்கணுமாம்" என்று சொல்லிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போர்பாலா மட்டும் பார்க்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, எதிரே நின்ற பளுதூக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை தூக்கினேன். வீட்டுக்குப் போய் எமெஷேயிடம் சொன்னபோது, அவள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அந்த வாரம் முழுவதும் வீட்டில் பிள்ளைகள் வழியாகத்தான் பேச்சு.

குளிர்காலம் நீண்டது. விலைவாசி ஜனவரி வரை ஏறிக்கொண்டுதான் இருந்தது. டிப்போவில் போர்பாலாவைக் கண்டால் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். மரீஷாவின் கரண்டியில் இறைச்சித் துண்டுகள் மறுபடி அரிதாயின. யாரோ அலுவலகக் கதவில் சாக்பீஸால், 'அக்கா, அப்புறம்?' என்று எழுதி வைத்தார்கள். அவர் அதை அழிக்கச் சொல்லவில்லை. பனி பெய்த ஒரு காலையில் வண்டியில் நின்றபடி, "எண்ணெய் வெல ரெண்டு வாரமா அசையல, கவனிச்சியா?" என்றார். "வெண்ணெய்ல தள்ளுபடி அட்டை ஒட்டியிருக்கான். ஒரு வருஷமா நான் அந்த அட்டையப் பாக்கல."

நான் கவனித்திருக்கவில்லை. அவருடைய குரலில் சந்தோஷமும் இல்லை. வேட்டை நாய் காதை நிமிர்த்துமே, அந்த மாதிரி ஒரு விறைப்புத்தான் இருந்தது.

வசந்தத்தில் விலைவாசி மெல்ல இறங்கத் தொடங்கியது. மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்திய வங்கி அந்தப் பதினெட்டிலிருந்து முதல் ஒரு சதவீதத்தைக் குறைத்தது. அதற்கு முன்பே பத்திரச் சந்தை மோப்பம் பிடித்துவிட்டது. அக்டோபரில் நாங்கள் வாங்கியவை ஏறத் தொடங்கியிருந்தன. அதன் பிறகு மாதம் தவறாமல் ஏறின. ஜூலையில் தவறாக வாங்கியவை கூட நஷ்டத்தின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தன. அந்த முதல் குறைப்பு நாளில் பட்டறை ஆட்கள் பாலின்கா சாராயப் புட்டியோடு உணவகத்துக்கு ஓடி வந்தார்கள். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "அரை மணி நேரம் ஆகட்டும்பா, மேல போயிப் பாக்குறேன்" என்றார்.

எமெஷே என்னிடம் நேராகப் பேச ஆரம்பித்தாள். "கை தூக்குனியே, பயமா இல்லயா?" என்று கேட்டாள். "இருந்துச்சு" என்றேன். "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நீச்சல் அரங்கு அப்படியேதான் நிற்கிறது. ஆகோஷ் ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். மாதம் ஒருமுறை குழந்தையைப் பார்க்க வருகிறான்.

அடுத்த வருட ஆரம்பத்தில் நிதியின் பொதுக்கூட்டம் நடந்தது. பட்டறையின் பெரிய கூடத்தில் இரண்டு டிராம்களை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலிகளைப் போட்டிருந்தோம். ஒன்றுகூட மிச்சமில்லாமல் நிறைந்துவிட்டன. மரப்பலகையில் அடித்த மேடை. அதில் எங்கள் குழுவும் போர்பாலாவும். ஒரு பங்கின் மதிப்பு பழைய நிலையைத் தாண்டிவிட்டது என்று புதிய தலைவர் அறிவித்ததும் கூடம் கைதட்டலால் அதிர்ந்தது. யாரோ கால்பந்து மைதானத்தில் பாடுகிற மாதிரி போர்பாலாவின் பெயரைப் பாட ஆரம்பித்தார்கள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பாடாதீங்கப்பா. பழைய எடத்துக்கு வந்துட்டோம்னு நெனைக்காதீங்க. காகிதத்துலதான் வந்திருக்கோம். ரொட்டி வெலையோட ஒப்பிட்டா இன்னும் கீழதான் நிக்கிறோம். அதையும் சேத்துத்தான் இன்னிக்குச் சொல்லப்போறேன்."

அறிக்கையைக் கையில் எடுத்தவர், வாசல் பக்கம் பார்த்து நிறுத்திவிட்டார். நானும் பார்த்தேன். கால்மான் கதவோரம் நின்றிருந்தார். உறுப்பினராக இல்லாதவர் வர வேண்டிய அவசியம் இல்லை. முறை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நின்றாரோ, கேட்க வேண்டும் என்றே வந்தாரோ, எனக்குத் தெரியாது. எண்ணெய் படிந்த வேலை உடையில், ஒரு தோளைக் கதவில் சாய்த்து, உடம்பின் பாரத்தை ஒரே காலில் தாங்கிக்கொண்டிருந்தார். முன் வரிசையில் சிலர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒருவரோடொருவர் முணுமுணுத்தார்கள்.

போர்பாலா அறிக்கையை மேசையில் வைத்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். வரிசைகளுக்கு நடுவே, யார் முழங்காலிலும் இடிக்காதபடி அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நடந்து, கதவோரம் கால்மானுக்குப் பக்கத்தில் வைத்தார். கால்மான் சிறிது நேரம் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

போர்பாலா மேடைக்குத் திரும்பினார். நான் எழுந்து என் நாற்காலியை நகர்த்தினேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். நின்றபடியே அறிக்கையை எடுத்து, முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு, ஜூலை மாத நஷ்டத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.